மெஷினைச் சோதித்த அக்கா

என் மகளுக்கு ஒருமுறை கடுமையான காய்ச்சல். செய்தி கேட்டு அக்கா வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு தெர்மாமீட்டர். என் மனைவி குழந்தையை எழுப்பி உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொன்னாள். அக்கா தெர்மாமீட்டரை நன்றாக உதறித் தன் வாயில் வைத்துக்கொண்டு, எதிரே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். குழந்தை வாயைத் திறந்தபடி பார்க்கிறது. மனைவி என்னைப் பார்க்கிறாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அக்கா அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

"எனக்குச் சுரம் இல்லைன்னு சொல்லுது. சரியாத்தான் சொல்லுது," என்றார். பிறகு சோப்புப் போட்டுக் கழுவிக் குழந்தைக்கு வைத்தார்.

அக்கா அப்படித்தான். பெயரைச் சொல்ல மாட்டேன். ஓசூரிலிருந்து கெலமங்கலம் போகிற சாலையில், புளியமரங்கள் முடிகிற இடத்தில், தகரக் கூரை போட்ட ஒரு கத்திப் பட்டறை இருந்தது. கணவர் இறந்த பிறகு அதை அக்காதான் நடத்தினார். அறுபதுகளின் கடைசி அது. ஓசூரில் அன்று தொழிற்பேட்டையும் கிடையாது, சங்கு ஊதும் கம்பெனியும் கிடையாது. வேலை வேண்டுமென்றால் எல்லாரும் பெங்களூர் பஸ் ஏறுவார்கள். நான் பெங்களூரில் பார்த்த வேலையை விட்டுவிட்டு இந்தப் பக்கம் பஸ் ஏறினேன். இரும்பைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்துப் பதம் போடுவது என் வேலை. அக்காவுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான். ஆனாலும் பட்டறையில் எல்லாருக்கும் அவர் அக்கா. அவருக்கு நான் மேஸ்திரி.

என்னை வேலைக்குச் சேர்ப்பதற்கு முன் மூன்று இடத்தில் விசாரித்திருக்கிறார். நான் வேலை பார்த்த கம்பெனியில் ஒருவரிடம், என் வீட்டு எதிரே டீக்கடையில், மூன்றாவதாக என் மாமியாரிடம். மாமியார் சொன்னதைக் கேட்ட பிறகும் என்னை எடுத்துக்கொண்டார் என்றால், அந்த மனுஷிக்குப் பெரிய மனசுதான்.

எதைப் பார்த்தாலும் அவருக்கு ஒரே கேள்வி. "இது பொய் சொன்னா நமக்கு எப்படித் தெரியும்?" ரேஷன் கடைக்குப் போகும்போது பையில் தன்னுடைய ஒரு கிலோ எடைக்கல்லைக் கொண்டுபோவார். முதலில் அதை அந்தத் தராசில் வைக்கச் சொல்லிவிட்டுத்தான் அரிசிக்குப் பையை நீட்டுவார். கடைக்காரர் வாய்க்குள் எதையோ முணுமுணுப்பார். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் சத்தமாகவே முணுமுணுப்பார்கள். அக்கா காதில் எதுவும் விழாது. பஸ் எத்தனை மணிக்கு என்று கண்டக்டரிடம் கேட்பார், பிறகு வெற்றிலைக் கடையில் கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்தால்கூட எந்தக் கிணறு என்று கேட்கிற ஆளோடு எத்தனை நாள் வேலை பார்ப்பது என்று வீட்டில் புலம்பியிருக்கிறேன்.

சாணை பிடிக்கும் நஞ்சப்பா ஒருமுறை அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று லீவு கேட்டான். கன்னடம் பேசுகிற வீட்டுப் பையன், கல்யாணமானவன், சோம்பேறி இல்லை. அக்கா சரி என்று தலையாட்டினார். மறுநாள் அவரே பஸ் பிடித்து அவன் ஊருக்குப் போய்விட்டார். போய்ப் பார்த்தால் கிழவிக்கு உண்மையிலேயே மூச்சுத் திணறல். அக்கா பார்த்துவிட்டுத் திரும்பிவிடவில்லை. கட்டை வண்டி பிடித்து, கிழவியைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். கிழவி பிழைத்துக்கொண்டாள்.

நஞ்சப்பா என்னிடம் சொன்னான், "நம்பலியேன்னு வருத்தமா இருக்குது மேஸ்திரி. வந்தாங்களேன்னு சந்தோசமாவும் இருக்குது. ரெண்டையும் எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல."

எங்கள் பட்டறைக்குப் பெரிய வாடிக்கை வாணியம்பாடித் தோல் வியாபாரி ஒருவர். நாங்கள் பாய் என்போம். தோலுரிக்கும் கத்திகளை மொத்தமாக வாங்கி, ஊர் ஊராகத் தனக்குத் தோல் கொடுக்கிறவர்களுக்குத் தருவார். கத்தி நன்றாக இருந்தால் தோலில் ஓட்டை விழாது, தோலுக்கு விலை கிடைக்கும். அந்த வருஷம் மழைக்காலத்துக்கு முன் நாங்கள் அனுப்பிய கத்திகளில் பாதி திரும்பி வந்துவிட்டன. பதம் அதிகமாகி, வெட்டும் வாய் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. பாய் நல்ல மனிதர். கோபப்படாமல் சொன்னார்: "இன்னொரு தடவை பாக்கறேன்மா. அதுவும் இப்படின்னா நான் வேற எடம் பாத்துக்கறேன்."

பாய் போய்விட்டால் பட்டறைக்குப் பிழைப்பில்லை. அக்காவுக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. கணவரின் அண்ணன் சேலத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். பொம்பளை தனியாக இரும்போடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும், பட்டறையை மூடிவிட்டு எங்கள் வீட்டோடு வந்துவிடு என்று அவர் ஒவ்வொரு மாதமும் வந்து சொல்லிக்கொண்டிருந்தார். இந்த முறை அக்கா அவரிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். பாய் இந்தச் சரக்கையும் திருப்பினால் சேலம்தான் என்று.

"அவரு நல்லவருதாங்க மேஸ்திரி," என்றார் என்னிடம். "சோறு போடுவாரு, மரியாதையாவும் வெச்சுக்குவாரு. ஆனா அந்த வீட்ல நான் என்னங்க பண்ணுவேன்? அரிசி புடைக்கலாம், செபமாலை உருட்டலாம். சாகற வரைக்கும் அதையே பண்ணணும்."  நான் பார்த்தவரை அக்கா பயந்தது அந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

பதத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்துகொண்டிருந்தோம். இரும்பு சூட்டில் வைக்கோல் நிறத்துக்கு வரும்போது எடுக்க வேண்டும். வெயிலில் ஒரு நிறம், மேகத்தில் ஒரு நிறம். இனி அது வேண்டாம், கத்தி எவ்வளவு கடினம் என்று பார்த்துச் சொல்கிற மெஷின் ஒன்று வாங்கிவிடுவோம் என்றார் அக்கா. பெங்களூருக்கு இரண்டு பேரும் போனோம். சிட்டி மார்க்கெட்டுக்குப் பின்னால் பழைய மெஷின் விற்கும் சேட்டு ஒருவர் கடை. அக்கா துணிப்பையில் மூன்று சாமான் கொண்டுவந்திருந்தார். உடைந்த பால்பேரிங் துண்டு ஒன்று, அது மிகக் கடினம். ஜன்னல் கம்பித் துண்டு ஒன்று, அது மெத்து. மூன்றாவது, அவர் கணவர் செய்து வீட்டில் வருஷக்கணக்காக உழைக்கிற கறிக்கத்தி.

சேட்டு முதலில் சில அரங்களைக் காட்டினார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கடினம். எந்த அரம் கத்தியைக் கீறுகிறது என்று பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். "இதுக்கு நஞ்சப்பா கைதான் மெஷின். காத்தால ஒண்ணு சொல்லும், சாப்பிட்ட பின்னாடி ஒண்ணு சொல்லும்," என்று அக்கா ஒதுக்கிவிட்டார்.

அடுத்தது, குண்டு ஒன்றை வைத்து அழுத்தி, விழுந்த குழியை அளக்கும் மெஷின். குழி துவரம்பருப்பு அகலம் இருந்தது. "இந்தக் குழியோட கத்தியை யாருங்க வாங்குவாங்க?" அதுவும் போயிற்று.

மூன்றாவது எனக்குப் பிடித்தது. கண்ணாடிக் குழாய்க்குள் சின்னச் சுத்தி ஒன்று மேலிருந்து விழும். கடினமான இரும்பில் உயரத் துள்ளும், மெத்தான இரும்பில் கொஞ்சமாகத் துள்ளும். கையில் தூக்கிப்போகலாம், விலையும் குறைவு. பால்பேரிங்குக்கும் கம்பிக்கும் சரியாகத்தான் சொன்னது. அக்கா கறிக்கத்தியை மரப்பலகை மேல் வைத்துப் பார்க்கச் சொன்னார். பிறகு அதே கத்தியை இரும்புக் கட்டை மேல். எண் எங்கேயோ போய்விட்டது.

"மெல்லிசுக் கத்தி இல்லியா அம்மா, அடியில இருக்கறதும் சேந்து துள்ளும்," என்றார் சேட்டு.

"நிக்கற எடத்துக்குத் தகுந்த மாதிரி சாட்சி சொல்றவனைக் கூட்டிட்டுப் போயி நான் என்னங்க பண்றது?" என்றார் அக்கா. எனக்கு உள்ளுக்குள் கடுப்பு. பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார் என்று நினைத்தேன்.

கடைசியாகக் கடையின் மூலையில் சாக்குப் போட்டு மூடியிருந்ததைக் காட்டினார் சேட்டு. ஏதோ ஃபேக்டரி ஏலத்தில் வந்த பழைய மெஷின், ஆள் இடுப்பு உயரம். கீழே சின்னதாக ஒரு இரும்புப் பீடம். அதன்மேல் கத்தியை வைத்தால், மேலிருந்து ஒரு வைர முனை அழுத்தும். முனை எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ, அதைக் கொண்டு முள் ஒரு எண்ணைக் காட்டும். குறைவாக இறங்கினால் எண் கூடும், கத்தி கடினம். கறிக்கத்தியை அக்கா திருப்பித் திருப்பி வைத்தார். ஒவ்வொரு முறையும் ஐம்பத்தைந்தைச் சுற்றியே நின்றது. என் மனசு குளிர்ந்தது. ஆனால் அக்கா விடவில்லை.

"நாளைக்கு எங்க பட்டறையில இது பொய் சொன்னா எப்படிங்க தெரியும்?"

அதற்கென்று எண் பொறித்த இரும்பு வில்லை ஒன்று இதோடு வரும், அதை வைத்துப் பார்த்தால் அந்த எண்ணையே காட்ட வேண்டும், ஆனால் அது எப்போதோ தொலைந்துவிட்டது என்றார் சேட்டு. அப்படியானால் மெஷினும் வேண்டாம் என்றார் அக்கா. சேட்டு தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அரை மணி நேரம் கடையைப் புரட்டினார்கள். கடைசியில் அந்த வில்லை சேட்டின் மேஜை மேலேயே, காகிதங்கள் பறக்காமல் இருக்க வைத்த கனமாக, எல்லார் கண்ணெதிரிலும் இருந்தது. சேட்டே சிரித்துவிட்டார்.

காய்கறி இறக்கிவிட்டு ஓசூருக்குத் திரும்பும் லாரியில் மெஷினை ஏற்றினோம். அக்கா வில்லையைக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். அத்திப்பள்ளி தாண்டும்போது நான் கேட்டேன், ஏங்க அக்கா இப்படி எதையும் நம்பவே மாட்டேங்கறீங்க என்று.

 "எங்க வீட்டுக்காரரு நெஞ்சைப் புடிச்சுட்டு உக்காந்தாரு. ஒண்ணுமில்ல, வாயுன்னாரு. நானும் சுக்குத் தண்ணி வெச்சுக் குடுத்தேன். விடியறதுக்குள்ள போயிட்டாரு." அதன் பிறகு அவருடைய கேள்விகள்மேல் எனக்கு அவ்வளவு எரிச்சல் வரவில்லை. வரவே இல்லை என்று சொன்னால் பொய்.

மெஷின் வந்தபின் பட்டறையின் நடை மாறியது. தினமும் காலையில் முதலில் வில்லை, பிறகுதான் கத்தி. கறிக்கத்தியின் எண்ணான ஐம்பத்தைந்துக்கு மேல் போனதை மறுபடி சூடு காட்டி இறக்கினோம். பாய்க்கான சரக்கு முடிகிற சமயம் ஆயுத பூஜை வந்தது.

அக்கா மாதா கோவிலுக்குப் போகிறவர். நாங்கள் எல்லாரும் பொட்டு வைக்கிறவர்கள். ஆனால் ஆயுத பூஜையன்று முதல் பொட்டு முதலாளி கையால்தான் என்பது பட்டறை வழக்கம். அக்கா ஒரு வருஷமும் மறுத்ததில்லை. "சோறு போடற சாமானுக்கு நன்றி சொன்னா எந்தச் சாமி கோவிச்சுக்கப் போவுது?" என்பார். அன்று மெஷினுக்கு முதல் பூஜை. சந்தனக் கிண்ணத்தோடு அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். நஞ்சப்பா வில்லையைப் பளபளவென்று துடைத்து, சரஸ்வதி படத்தின் காலடியில் பூவுக்கு நடுவே வைத்தான். மறுநாள் பூசாரி வந்து மறுபூஜை செய்த பிறகுதான் படத்தின் அடியிலிருந்து எதையும் எடுக்கலாம், மற்ற சாமானைத் தொடத் தடையில்லை.

மறுநாள் பூசாரி வர நேரமாயிற்று. அதற்கடுத்த நாள் பாய் வருகிறார். கடைசிப் பார்வையாக ஒருமுறை பார்த்துப் பெட்டியில் அடுக்கலாமே என்று, பொட்டையெல்லாம் துடைத்துவிட்டு, வில்லை இல்லாமலே கத்தியை மெஷினில் வைத்தேன். நாற்பத்தொன்பது. வேறொன்று, ஐம்பது. எடுத்ததெல்லாம் அப்படியே.  எல்லாம் மெத்து. இதைக் கொடுத்தால் ரெண்டு ஆட்டுக்குள் வாய் மடங்கிவிடும்.

மறுபடி எல்லாவற்றையும் காய்ச்சித் தோய்த்துக் கடினமேற்றுவதைத் தவிர வழியில்லை. உலை மூட்டச் சொன்னேன். துருத்தி போட்டு, முதல் கத்திகளை நெருப்பில் வைக்கப் போகும் நேரத்தில் அக்கா வந்தார். நான் சொன்னதைக் கேட்டு முகம் வெளுத்துவிட்டது. உலைக்கு எதிரே அப்படியே நின்றார். அப்போதும் கேட்டது ஒன்றுதான்.

"வில்லை என்னங்க சொல்லுது?"

"வில்லை சாமி காலடில இருக்குதுக்கா. பூசாரி வரல. எடுக்கக் கூடாது," என்றான் நஞ்சப்பா.

"அதை வெச்சுப் பாக்காம ஒரு கத்தி நெருப்புல போகக் கூடாது."

நஞ்சப்பா அசையவில்லை. அக்காவும் அசையவில்லை. அக்கா போய் எடுத்திருந்தால் யாரும் தடுத்திருக்க மாட்டோம். ஆனால் மனசு முறிந்திருக்கும். அது அவருக்குத் தெரிந்திருந்தது.

"நான் தொட மாட்டேன் நஞ்சப்பா," என்றார் மெதுவாக. "நீங்க சாமிகிட்டக் கேட்டுப் பாருங்க. எங்க அக்காவுக்கு வேற வழி இல்லைன்னு சொல்லுங்க."

நஞ்சப்பா என்னைப் பார்த்தான். போய்க் கற்பூரம் ஏற்றினான். கன்னத்தில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் கண்மூடி நின்றான். பிறகு பூவை நகர்த்தி, வில்லையை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு வந்தான்.

வைத்தேன். வில்லையில் பொறித்திருந்த எண்ணைவிட ஐந்து குறைவாகக் காட்டியது. இன்னொரு முறை. ஆறு குறைவு.

"சுள்ளு அக்கா, இது சுள்ளு ஹேளுத்தே," என்றான் நஞ்சப்பா. மெஷின் பொய் சொல்கிறது. கத்திகளில் ஒரு குறையும் இல்லை.  பொய்யை நம்பி இன்னும் கடினமேற்றியிருந்தால், போன தடவை போலவே எல்லாம் உதிர்ந்து திரும்பி வந்திருக்கும்.

ஏன் பொய் சொல்கிறது என்று பார்க்க வேண்டுமே. முனையைப் பார்த்தோம், சரியாக இருந்தது. முனையை அழுத்தும் எடைகளைப் பார்த்தோம், சரி. யாராவது தொட்டீங்களா என்று அக்கா ஒவ்வொருவரையும் கேட்டார். என்னையே இரண்டு முறை கேட்டார். கடைசியில் பீடத்தைத் திருகித் தூக்கினேன். அது உட்காருகிற இடத்தில் சந்தனம் காய்ந்து அப்பளம் மாதிரி கிடந்தது, நடுவில் குங்குமம். முனை அழுத்தும்போது பீடமே அந்தச் சந்தனத்தில் துளி அமுங்கியிருக்கிறது. முள் அதையும் கத்தியின் மெத்தாக எண்ணிக் காட்டியிருக்கிறது.

 நஞ்சப்பா கூரையைப் பார்த்தான்.

"நான்தான்," என்றார் அக்கா. "புதுசாச்சேன்னு பீடத்தைத் தூக்கி அடியிலயும் ஒரு பொட்டு வெச்சேன்." சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அந்த அம்மாள் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததே இல்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வழிந்தது. "ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேன். என் வெரலை விட்டுட்டேனே மேஸ்திரி," என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தோம். வில்லை தன் எண்ணைச் சொன்னது. கத்திகள் ஐம்பத்தைந்தில் நின்றன.

அடுத்த நாள் காலையில் பாய்க்கு முன்னால் அக்கா கணவரின் அண்ணன் சேலத்திலிருந்து வந்துவிட்டார், ஒரு லாரியோடு. இன்றைக்கு முடிவு தெரிந்துவிடும், இன்னொரு முறை வண்டி வாடகை எதற்கு என்று அவர் கணக்கு. பட்டறைக்குப் பின்னால்தான் அக்கா வீடு. வாக்குக் கொடுத்தவர் ஆயிற்றே, அக்கா தடுக்கவில்லை. கட்டில், பீரோ, பாத்திர மூட்டை, மாதா படம் எல்லாம் லாரியில் ஏறின. 

பாய் தன் ஆள் ஒருவனோடு வந்தார். மெஷினையோ முள்ளையோ அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா," என்று சொல்லிவிட்டு, பெட்டியின் அடியிலிருந்து நாலு கத்தியை அவரே உருவி எடுத்தார். அன்று சந்தை நாள். ஆடு அறுக்கும் இடத்துக்குத் தன் ஆளை அனுப்பிவிட்டு, அவரும் பின்னாலேயே போனார்.

நாங்கள் வாசலில் நின்றோம். அண்ணன் லாரி நிழலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அக்கா உள்ளே போவதும் வருவதுமாக இருந்தார். ஒரு முறை என் பக்கத்தில் வந்து, "மெஷின் சரிதானுங்களே?" என்றார். "வில்லை சொல்லுதே அக்கா," என்றேன். தலையாட்டினார். 

உச்சி வெயிலில் பாய் திரும்பி வந்தார். அவர் ஆள் தோளில் ஈரத் தோல்கள் தொங்கின. பாய் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கத்திகளை அக்கா முன்னால் வைத்தார். நான் குனிந்து வாயைத் தடவிப் பார்த்தேன். உதிரவில்லை, மடங்கவும் இல்லை.

"நல்லா இருக்குதும்மா. மீதியை லோடு பண்ணச் சொல்லு. அடுத்த மாசம் இதே அளவு வேணும்," என்றார்.

 அக்கா அந்த ஆளின் தோளிலிருந்து ஒரு தோலை இழுத்தார். ரத்தம் சேலையில் படுவதைப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் அதை விரித்துத் தலைக்கு மேல் வெயிலுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை பார்த்தார். ஓட்டை இருந்தால் வெளிச்சம் புள்ளியாக வரும். பாய் சிரித்துக்கொண்டே நின்றார். அக்கா திருப்பிப் பிடித்து இன்னொரு முறை பார்த்தார். எங்கும் ஒரு புள்ளி வெளிச்சம் வரவில்லை. தோலை மெதுவாக இறக்கி அந்த ஆளிடம் கொடுத்தார். கை கழுவிக்கொண்டு அண்ணனிடம் போனார்.

"சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க மாமா," என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"நஞ்சப்பா, மேஸ்திரி, ஒரு கை புடிங்க. அந்தக் கட்டிலை இறக்கிடலாம்."